ஒரே கோப்பு இரண்டாக நிற்கிறதா? அழிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். ஜூலையில் ஒரு நாள், நெட் இல்லாத நேரத்தில் லேப்டாப்பில் மூன்று வீட்டு வரவைப் பதிந்தேன். மாலையில் படிக்கட்டில் ஒருவர் 2,500 ரூபாயைக் கையில் கொடுத்தார். அங்கேயே ஃபோனில் அதே எக்ஸெல் கோப்பைத் திறந்து அதையும் சேர்த்துவிட்டேன். இரவு நெட் வந்ததும் பார்த்தால் ஃபோல்டரில் ‘ஜூலை கணக்கு’ இரண்டு. ஒன்றில் அந்த 2,500 இல்லை, மற்றதில் அந்த மூன்று வீடுகள் இல்லை. தேதியைப் பார்த்துப் பழையதை அழித்திருந்தால் யாரோ கட்டிய பணம் கணக்கில் ஏறாமலே போயிருக்கும்.

இரண்டு சாதனங்களில் தனித்தனியாகத் திருத்திய எக்ஸெல் கோப்பை, அது இருக்கும் இணையச் சேமிப்புச் சேவையால் தானாக ஒன்று சேர்க்க முடியாமல் போகலாம். எதுவும் தொலையக்கூடாது என்று அப்போது இரண்டையும் வைத்துவிடுகிறது. டிராப்பாக்ஸில் இப்படி வரும் பிரதியின் பெயரில் ‘கான்ஃப்ளிக்டட் காப்பி’ என்ற சொல்லும் தேதியும் இருக்கும். ஒன்டிரைவில் கணினியின் பெயர் பின்னால் ஒட்டியிருக்கும். கூகுள் டிரைவில் இன்னும் கவனம் தேவை: ஒரே ஃபோல்டரில் அச்சு அசலாக ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியும்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

1. எல்லாச் சாதனங்களிலும் அந்தக் கோப்பை மூடுங்கள். சிங்க், அதாவது எல்லாச் சாதனங்களிலும் இணையச் சேமிப்பிலும் கோப்புகள் ஒரே மாதிரி ஆகும் வேலை, முழுதாக முடியும்வரை காத்திருங்கள்.

2. இரண்டையும் திறந்து ஒப்பிடுங்கள். வேர்டு கோப்பு என்றால் ‘ரிவ்யூ’ பகுதியில் ‘கம்பேர்’ இருக்கிறது, வித்தியாசங்களை அதுவே காட்டிவிடும். எக்ஸெலில் ‘வியூ’ பகுதிக்குப் போய் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து வரிசை வரிசையாகப் பாருங்கள். முதலில் கடைசி வரிசையையும் கூட்டுத்தொகையையும் பார்த்தால் எங்கே பிரிந்தது என்று சீக்கிரம் பிடிபடும். பழைய வரிசைகளில் ஏதாவது மாறியிருக்கிறதா என்பதையும் விடாதீர்கள். பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

3. விடுபட்டவற்றை அசல் பெயர் உள்ள கோப்பில் சேர்த்துச் சேமியுங்கள். மற்றதை ‘பழையவை’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒரு வாரம் கழித்து நீக்குங்கள். சிங்க் ஆகும் ஃபோல்டரில் ஒரு சாதனத்தில் அழித்தால் எல்லாவற்றிலும் போய்விடும். அவசரத்தில் அழித்துவிட்டால் குப்பைத்தொட்டியைப் பாருங்கள், கூகுள் டிரைவில் 30 நாள் இருக்கும்.

4. இனிமேல் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று பிரதி எடுக்காதீர்கள். கூகுள் டிரைவில் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் பதிப்புகளை நிர்வகிக்கும் வசதி இருக்கிறது. புதியதை அங்கே ஏற்றினால் கோப்பு ஒன்றாகவே இருக்கும், பழைய பதிப்பும் உள்ளே பத்திரமாக இருக்கும். எக்ஸெல், பிடிஎஃப் போன்ற கோப்புகளின் பழைய பதிப்புகள் 30 நாளுக்குப் பிறகோ 100 பதிப்பைத் தாண்டினாலோ நீக்கப்படலாம். முக்கியமான பதிப்பை ‘எப்போதும் வைத்திரு’ என்று குறித்துவிடுங்கள்.

பெயருக்குப் பின்னால் (1) என்று வருவது பெரும்பாலும் வேறு கதை. வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வந்ததை இரண்டு முறை டவுன்லோடு செய்திருப்பீர்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு ஒன்றை நீக்குங்கள்.

சங்கக் கணக்கை ஆகஸ்டிலிருந்து கூகுள் ஷீட்ஸுக்கு மாற்றிவிட்டேன். பொருளாளர் மேல்மாடியில் ஒரு வரிசையை நிரப்பும்போதே நான் கீழே அடுத்த வரிசையை எழுதுகிறேன். கோப்பு ஒன்றுதான்.