பராமரிக்க ஒப்புக்கொண்டவர் கைவிட்டால்: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் செய்ய வேண்டியவை

பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டதால், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வயதான பெற்றோரைச் சம்பளத்துக்கு ஒருவரிடம் ஒப்படைத்திருக்கும் வீடுகள் பல உண்டு. அவர் கடமையில் தவறினால் வேலையை விட்டு நிறுத்துவதோடு பலர் அமைதியாகிவிடுகிறார்கள். அந்தத் தவறு குற்றமாகவும் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஒன்றைச் செய்யாமல் விட்டதற்காக ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், அதைச் செய்யும் சட்டக் கடமை அவருக்கு இருந்திருக்க வேண்டும். அக்கடமை ஒப்பந்தத்தாலும் பிறக்கும். 1902இல் இங்கிலாந்தில் ரயில்வே கேட் காவலர் ஒருவர் கேட்டை மூடாமல் சாப்பிடப் போனார்; தண்டவாளத்தைக் கடந்த வண்டியில் ரயில் மோதி ஒருவர் இறந்தார். தமது ஒப்பந்தம் ரயில்வே கம்பெனியோடு மட்டுமே என்று காவலர் தரப்பில் வாதிட்டும் பயனில்லை, அவர் குற்றவாளியானார். அவ்வாறே, சம்பளம் கொடுப்பவர் மகனாக இருந்தாலும், பராமரிப்பாளரின் கடமை படுக்கையில் கிடக்கும் தாய்க்கும் உரியது.

தென்னாப்பிரிக்காவின் 2006ஆம் ஆண்டு முதியோர் சட்டம், 60 வயதான பெண்ணையும் 65 வயதான ஆணையும் முதியோராகக் கொள்கிறது. நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவர், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு அவர்களுக்குத் தீங்கு நேர்ந்தால், அதுவும் துன்புறுத்தலே, குற்றமே. குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால், 2005ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

ஆகவே ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'நன்றாகப் பார்த்துக்கொள்வேன்' என்ற வரி நீதிமன்றத்தில் அதிகம் உதவாது. எந்த மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும், எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது யார், காய்ச்சல் கண்டால் யாருக்குப் போன் செய்வது என்று பிரித்து எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். படுக்கையருகே ஒரு நோட்டு இருக்கட்டும். செய்த வேலையை நேரத்தோடு அதில் குறிக்கச் சொல்லுங்கள். இடுப்பில் படுக்கைப்புண் தெரிந்தால் அன்றே படம் எடுத்து, டாக்டரிடம் காட்டி அவர் கருத்தை எழுதி வாங்குங்கள். தீராத மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறிய வேண்டாம். பாதி காலியான ஓர் அட்டை பல சாட்சிகளுக்குச் சமம்.

சந்தேகம் எழுந்த உடனே காவல் நிலையத்திலோ சமூக மேம்பாட்டுத் துறையிலோ தெரிவிக்க வேண்டும். முதியோர் விஷயத்தில் இது சட்டம் இட்ட கடமை. உறுதிமொழிப் பத்திரத்தைக் காவல் நிலையத்திலேயே கட்டணமின்றிக் கொடுக்கலாம். வழக்கு எண்ணைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

கவனக்குறைவால் உயிர் போயிருந்தால் அது கொலைக் குற்றத்துக்கு அடுத்த நிலையிலுள்ள, மரணம் விளைவித்த குற்றமாகலாம். நம்மவர்கள் உடலை விரைவாகத் தகனம் செய்துவிடுவதால், இந்த இடத்தில்தான் பெரும்பாலும் ஆதாரம் போய்விடுகிறது. துக்கத்தின் நடுவே போலீஸைக் கூப்பிட மனம் ஒப்பாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சாவில் ஐயம் இருந்தால், டர்பனின் கிளேர் எஸ்டேட் சுடுகாட்டில் நேரம் குறிப்பதற்கு முன்பே தெரிவித்து, பிரேதப் பரிசோதனை கேளுங்கள்.