கணித மென்பொருள்களுக்கிடையே சூத்திரங்களைப் பெயர்க்கும் முறை

பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் கணிதம் கற்பிப்பவர்கள் பாடக் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வது வழக்கம். கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் வேரூன்றிவிட்டதால், கொழிஞ்சாம்பாறையின் தமிழ் மாணவர் வடிவியல் மென்பொருளான ஜியோஜீப்ராவில் தொடங்கிப் பின்னர் குறியீட்டுக் கணித மென்பொருளான மாக்சிமாவுக்கு வந்துசேர்வது எளிது; வாளையாற்றைக் கடந்தால், அவருடைய சூத்திரத்தைப் பெறுபவர் அதே வகை வணிக மென்பொருள்களான மேப்பிளையோ மேத்தமேட்டிக்காவையோ பயன்படுத்துபவராக இருக்கலாம். அப்படிப்பட்ட இருவருக்கு நடுவே நின்று சூத்திரங்களை மாற்றித் தரும் ஒரு பெயர்ப்பியை எழுத விரும்புவோருக்காக இந்த வழிமுறையைத் தருகிறேன்.

ஒரு குறிக்கு எதிராக இன்னொரு குறியை வைத்து மாற்றும் பட்டியலோடு தொடங்கக் கூடாது. := என்ற குறியையே எடுத்துக்கொள்ளுங்கள்: மேப்பிளில் அது மாறிக்கு மதிப்பளிக்கிறது, மாக்சிமாவில் சார்பை வரையறுக்கிறது, மேத்தமேட்டிக்காவில் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதிதாகக் கணக்கிடப்படும் வரையறையைக் குறிக்கிறது. மாக்சிமாவிலும் மேப்பிளிலும் = என்பது சமன்பாடு; மேத்தமேட்டிக்காவிலோ அது மதிப்பளித்தல், சமன்பாட்டுக்கு == எழுத வேண்டும். அதே == பைத்தான் மொழியின் குறியீட்டுக் கணித நூலகமான சிம்பையில் வந்தால் சமன்பாடு உருவாகாது; இரண்டு கோவைகளின் வடிவம் ஒன்றா என்று அப்போதே ஒப்பிட்டு ஆம், இல்லை என்று விடை கிடைக்கும்.

ஆகவே மூல உரையை முதலில் கணுக்களும் கிளைகளும் கொண்ட ஒரு மரமாகப் பிரித்துக்கொண்டு, அந்த மரத்திலிருந்து இலக்கு மொழியில் எழுத வேண்டும். மரத்துக்கு எண், பெயர், ஒரு சார்பை உள்ளீடுகளின் மேல் செலுத்துதல் என்ற மூன்று வகைக் கணுக்களே பெரும்பாலும் போதும். எண்களில் முழு எண், விகிதமுறு எண், தசமத் தோராயம் ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்திருங்கள். சிம்பைக்கு 1/3 என்று அப்படியே எழுதிக்கொடுத்தால், சிம்பை பார்ப்பதற்கு முன்பே பைத்தான் அதைத் தசமமாக்கிவிடும். துல்லியம் அங்கேயே போய்விடுகிறது. அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் எழுதும்போது அடைப்புக்குறியை எப்போதும் இடுங்கள், ஏனெனில் மாக்சிமாவும் மேத்தமேட்டிக்காவும் வலப்புறத்திலிருந்து சேர்த்துப் படிக்கும் கோவையை மேப்பிள் ஐயத்துக்கு இடமானது என்று ஏற்க மறுக்கிறது. கழித்தலைக் கூட்டலாகவும் வகுத்தலை எதிரடுக்காகவும் மாற்றிவைக்கும் பழக்கம் பல மென்பொருள்களில் உண்டு. இந்த மரம் என்னும் இடைமொழியில் அது வேண்டாம் என்பது என் கருத்து, எழுதியவர் தந்த வடிவமே மறுபுறத்தில் படிப்பவருக்கும் உதவும்.

பெயர்களில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. இடைமொழியின் ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை உள்ளீடுகள், எந்த வரிசையில், எந்தக் களத்தில், பல மதிப்புகள் இருக்கும்போது எது முதன்மை மதிப்பு என்று எழுதப்பட்ட வரையறை இருக்க வேண்டும். கணிதப் பொருளைக் குறியேற்றும் தரநிலையான ஓப்பன்மேத் தன் பொருளகராதிகளின் வழியாக இந்த வேலையைத்தான் செய்கிறது. இணையத்தில் கணிதத்தை எழுதும் தரநிலையான மேத்எம்எல்லின் 2010இல் வெளியான மூன்றாம் பதிப்பு தன் பொருள்சார் பகுதியை அதனோடு இசைய அமைத்துக்கொண்டது. புதிதாகத் தொடங்குபவர் அந்த அகராதிகளின் பெயர்களை எடுத்துக்கொள்வதே நல்லது.

வரையறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மடக்கையிலேயே காணலாம்: மேத்தமேட்டிக்கா அடிமானத்தை முதலில் கேட்கிறது, சிம்பை இரண்டாவதாகக் கேட்கிறது, மாக்சிமாவில் இயல் மடக்கை மட்டுமே இருப்பதால் நாமே வகுத்து எழுத வேண்டியிருக்கிறது. முதல்வகை முழு நீள்வட்டத் தொகையீட்டுக்கு மேப்பிளும் மேத்தமேட்டிக்காவும் ஒரே பெயரை வைத்திருந்தாலும், மேப்பிள் மட்டு எண் எனப்படும் k என்ற அளவையும் மேத்தமேட்டிக்கா அதன் வர்க்கத்தையும் உள்ளீடாகக் கொள்கின்றன. இரண்டிலும் 1/2 கொடுத்தால் மேப்பிளில் ஏறத்தாழ 1.6858, மேத்தமேட்டிக்காவில் 1.8541 கிடைக்கும், பிழைச்செய்தி எதுவும் வராது. நேர்மாறு கோடேன்ஜெண்டின் மதிப்பை −1இல் கேட்டால் மேப்பிள் 3π/4 என்றும் மேத்தமேட்டிக்கா −π/4 என்றும் சொல்லும். இரண்டுமே தத்தம் வரையறைப்படி சரியானவை.

எடுகோள்களையும் மரத்தோடு அனுப்ப வேண்டும். ஒரு மாறியின் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் கேட்டால் மாக்சிமா, இயல்பான அமைப்பில், மாறியை மெய்யெண்ணாகக் கருதித் தனிமதிப்பைத் தருகிறது. சிம்பையும் மேத்தமேட்டிக்காவும் மாறி கலப்பெண்ணாக இருக்கலாம் என்பதால் கோவையை அப்படியே விட்டுவைக்கின்றன.

எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு கவனமும் தேவை. பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பெயரிடலாம். தமிழின் ‘கொ’ போன்ற எழுத்துகளை இரண்டு விதமாகக் குறியேற்றலாம் என்றாலும், ஒருங்குறியின் இயல்பாக்கம் அவற்றை ஒன்றாக்கிவிடும். உயிரொலி சேராத மெய்யைக் குறிக்கும் மலையாளச் சில்லெழுத்துகளுக்கு 2008இல் தனிக் குறியீடுகள் வந்த பிறகும் பழைய முறையில் உள்ளிட்ட உரைகள் இருக்கின்றன. அவற்றை இயல்பாக்கம் சேர்க்காது, பெயர்ப்பியே மாற்றிக்கொள்ள வேண்டும்.

சோதனையில், போய்த் திரும்பிய சூத்திரம் மூலத்தோடு ஒத்திருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. நீள்வட்டத் தொகையீட்டில் போகும்போது வர்க்கத்தை மறந்து, திரும்பும்போதும் மறந்தால், சூத்திரம் பழுதில்லாமல் வந்ததுபோலவே தோன்றும். இரண்டு மென்பொருள்களிலும் தனித்தனியே எண்மதிப்பைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பூச்சியத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொகையீட்டின் பிழை மறைந்துவிடும், மிகை எண்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் நேர்மாறு கோடேன்ஜெண்டின் பிழை மறைந்துவிடும். எனவே குறை எண்களையும், கலப்பெண்களையும், சார்பின் மதிப்பு திடீரெனத் தாவும் கோடுகளான கிளை வெட்டுகளின் இருபுறமும் நெருங்கி நிற்கும் புள்ளிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இலக்கு மொழியில் இணையான சார்பு இல்லையென்றால், நெருக்கமான ஒன்றை ஊகித்து இடாமல், எந்தக் கணுவில் எந்தப் பெயருக்கு இணை கிடைக்கவில்லை என்று தெரிவித்துப் பெயர்ப்பை அங்கேயே நிறுத்துங்கள்.