பழைய ஸ்கிரிப்ட்டில் 'சார்ட் +2' இருந்தால் மாற்றி எழுதுவது எப்படி

கிடங்கு இருப்பை இரவில் வரிசைப்படுத்தித் தரும் ஸ்கிரிப்ட் ஒன்று எங்களிடம் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. சில வருடங்களுக்கு முன் சர்வரை மாற்றினோம். மறுநாள் காலை அறிக்கை வெறுமையாக வந்தது. லாகைத் திறந்தால், '+2' என்ற கோப்பு இல்லை என்று ஒரே வரி. அப்படி ஒரு கோப்பை யாரும் வைத்ததே இல்லை.

விஷயம் இதுதான். 'சார்ட்' என்பது வரிகளை வரிசைப்படுத்தும் யூனிக்ஸ் கட்டளை. இத்தகைய கட்டளைகள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் பொதுத் தரம் பாசிக்ஸ். 1992 பாசிக்ஸ் தரத்தில் 'சார்ட் +2' என்றால் ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு புலங்களை (இடைவெளியால் பிரிந்த பகுதிகளை) தாண்டி, மூன்றாவதிலிருந்து வரிசைப்படுத்து என்று பொருள். 2001 தரம் அதை எடுத்துவிட்டது. '+2' வெறும் கோப்புப் பெயர் ஆகிவிட்டது. 2008 தரமோ இரண்டில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றது. அதனால் ஒரே வரி ஒரு கணினியில் ஓடும், இன்னொன்றில் நிற்கும். தற்செயலாக '+2' என்றே ஒரு கோப்பு இருந்துவிட்டால் இன்னும் மோசம். பிழை எதுவும் காட்டாமல் அதை வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும்.

சரி, மாற்றுவோம். பழைய முறைக்குப் பதில் இப்போது '-கே' என்ற விருப்பம். பழைய முறை பூஜ்யத்திலிருந்து எண்ணும், '-கே' ஒன்றிலிருந்து எண்ணும். எனவே '+2' என்பது '-கே 3'. '+2 -3' என்பது '-கே 3,3'. முடிவு எண்ணைக் கூட்டவில்லை, கவனியுங்கள்; '-3' என்பது நான்காம் புலத்துக்கு முன்பே நின்றுவிடு என்பதுதான். இங்கேதான் பலர் '3,4' என்று எழுதிவிடுகிறார்கள், நானும் எழுதினேன். எழுத்து நிலையும் (புலத்துக்குள் எத்தனையாவது எழுத்து என்பது, புள்ளிக்குப் பின் வரும் எண்) சேர்ந்து வந்தால் கணக்கு வேறு: '+2.1 -2.3' என்பது '-கே 3.2,3.3'.

மூன்றாம் புலம் மட்டும் போதுமென்றால் '3,3' என்றே எழுதுங்கள். வெறும் '3' வரிக் கடைசி வரை போகும்.

உடனே மாற்ற நேரமில்லையா? குனூ சார்ட் (லினக்ஸில் வழக்கமாக வருவது) என்றால் '_பாசிக்ஸ்2_வெர்ஷன்' என்ற சூழல் மாறியை (கட்டளைகள் ஓடும்போது பார்க்கும் அமைப்பை), ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், 199209 என்று வைத்தால் பழைய பொருள் திரும்பும். அந்த ஸ்கிரிப்ட்டுக்குள் மட்டும் வையுங்கள். கணினி முழுக்க வைத்தால் மற்றவர்களின் ஸ்கிரிப்ட்டும் மாறும்.

'டெயில் +10' (கோப்பைப் பத்தாம் வரியிலிருந்து காட்டு என்பது) என்று எங்காவது இருந்தால் அதையும் 'டெயில் -என் +10' ஆக்கிவிடுங்கள், அதே வியாதிதான். அப்புறம் குனூ சார்ட்டை '--டீபக்' போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். எந்தப் பகுதியை வைத்து வரிசைப்படுத்துகிறது என்று ஒவ்வொரு வரிக்கும் கீழே கோடிட்டுக் காட்டும்.