டெக்ஸஸில் வீட்டு வரி நோட்டீஸ் வந்துவிட்டதா? யாரிடம் எதைக் கேட்பது

ஏப்ரல் பிறந்தால், வரிக்காக உங்கள் வீட்டுக்கு இந்த வருஷம் போட்ட மதிப்பைச் சொல்லும் நோட்டீஸ் வரும்; டல்லாஸ் பக்கத்துத் தமிழ் வாட்ஸப் குழுக்களில் ஒரே பேச்சு: "உங்களுக்கு எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள்?" அப்புறம் ஆளுக்கொரு யோசனை. கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கமிஷனருக்கு மெயில் போடு என்பார் ஒருவர். டாக்ஸ் ஆபீசில் போய்க் கேள் என்பார் இன்னொருவர். இரண்டாலும் உங்கள் வீட்டு மதிப்பு ஒரு டாலர்கூடக் குறையாது. டெக்ஸஸில் கவுண்டி அதிகாரிகளுக்கு அரசியல் சாசனமும் சட்டமும் கொடுத்த அதிகாரம் மட்டும்தான். கொடுக்காததை, உங்கள்மேல் இரக்கப்பட்டாலும் செய்ய முடியாது.

போன வருஷம் என் வீட்டுக்கு நானே புரொடெஸ்ட் (மதிப்பை எதிர்த்து முறையீடு) செய்து மதிப்பைக் குறைத்த வழி இது. ஹோம்ஸ்டெட் விலக்குக்கு (சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான வரிச் சலுகை) ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் யார் என்ன செய்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள்

வீட்டுக்கு மதிப்புப் போடுவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். கவுண்டியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது கவுண்டி அரசின் இலாகா அல்ல. 1979-இல் வந்த சட்டத்தால் உண்டான தனி அமைப்பு. அதன் தலைவர் சீஃப் அப்ரைசர், இயக்குநர் குழு நியமிக்கும் ஆள். 75,000 பேருக்கு மேல் உள்ள கவுண்டிகளில் 2024 முதல் மூன்று இயக்குநர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனாலும் ஒரு தனி வீட்டின் மதிப்பில் அவர்கள் கைவைக்க முடியாது.

கவுண்டியின் வரி விகிதத்தை முடிவு செய்வது கமிஷனர்ஸ் கோர்ட்: கவுண்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும். பெயரைப் பார்த்து அங்கே வழக்காடலாம் என்று கிளம்பாதீர்கள்; அது கவுண்டியின் நிர்வாகக் குழு. பில்லில் பெரும்பங்கு போகும் பள்ளி வரியின் விகிதமும் அவர்கள் கையில் இல்லை, அது ஸ்கூல் போர்டு முடிவு செய்வது.

டாக்ஸ் அசெசர்-கலெக்டர் தேர்தலில் ஜெயித்து வருபவர். மதிப்பையும் விகிதத்தையும் பெருக்கி பில் அனுப்பி வசூலிப்பது அவர் வேலை. கார் ஸ்டிக்கர் வாங்க நிற்கிறோமே, அதே கவுண்டர்தான். பத்திரத்தில் பெயர்ப் பிழை என்றால், திருத்திய பத்திரத்தைப் பதிய கவுண்டி கிளார்க்.

2. புரொடெஸ்ட் போடுங்கள்

கடைசி நாள் மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள். எது பிந்தியதோ அது. படிவம் 50-132. பெரிய கவுண்டிகளில் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். காரணம் கேட்கும் இடத்தில் சந்தை விலையைவிட அதிகம் என்பதையும், மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமில்லை என்பதையும் சேர்த்தே டிக் செய்யுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் அடுத்த படியில் நான் சொல்லும் வாதத்தை எடுக்க முடியாமல் போகலாம்.

3. ஆதாரம்

நேரம் பிடிக்கும் இடம் இதுதான். டெக்ஸஸில் விற்ற விலையை அரசிடம் தெரிவிக்கும் கட்டாயம் கிடையாது. அதனால் பக்கத்து வீடு எவ்வளவுக்குப் போனது என்று நாம் தேடினால் கிடைக்காது. ஜில்லோ என்ற வீட்டு விற்பனைத் தளம் காட்டும் மதிப்பை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, விசாரணையில் காட்டப்போகும் ஆதாரத்தை அனுப்பச் சொல்லி அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்கு எழுத்தில் கேளுங்கள். விசாரணைக்கு 14 நாள் முன்னதாகவாவது இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை. நீங்கள் கேட்டும் தராததை அங்கே பயன்படுத்த முடியாது.

இரண்டு, உங்கள் வீட்டைப் போன்ற ஐந்து அல்லது ஏழு வீடுகளை அவர்கள் தளத்திலேயே தேடி ஒரு ஷீட்டில் போடுங்கள். வயது, பரப்பு, நீச்சல் குளம் போன்ற வித்தியாசங்களுக்குக் கூட்டிக் கழித்து, அவர்கள் போட்டிருக்கும் மதிப்பு சதுர அடிக்கு எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் வீடு 2,400 சதுர அடி, மதிப்பு 4,80,000 டாலர் என்றால் சதுர அடிக்கு 200. மற்றவற்றை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண் 188 என்றால், நீங்கள் கேட்க வேண்டியது 4,51,200. சராசரி அல்ல, நடு எண். சட்டமே மீடியன் என்றுதான் சொல்கிறது.

இதற்கு எக்ஸல் போதும். உங்களுக்காகப் புரொடெஸ்ட் செய்து, மிச்சமாகும் வரியில் பங்கு கேட்கும் கம்பெனிகளிடம் முதல் வருஷமே கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. வீட்டில் உள்ள பழுதும் ஆதாரம்தான். இங்குள்ள களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால் செங்கல் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடியிருக்கும். விரிசலின் அளவு தெரிய அதன்மேல் ஒரு குவார்ட்டர் நாணயத்தை வைத்துப் படமெடுங்கள், ஃபவுண்டேஷன் ரிப்பேர் எஸ்டிமேட்டையும் சேருங்கள். ஆனால் ஜனவரி 1 அன்று வீடு இருந்த நிலைதான் கணக்கு; மார்ச்சில் விழுந்த ஆலங்கட்டி மழை எடுபடாது.

4. விசாரணை

முதலில் டிஸ்ட்ரிக்டின் அப்ரைசரோடு பேசிப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும். அவர் சொல்லும் எண்ணுக்கு ஒப்புக்கொண்டால் புரொடெஸ்ட் அத்தோடு முடிந்தது, அவசரப்பட வேண்டாம். ஒத்துவராவிட்டால், இரு பக்கத்தையும் கேட்டு முடிவு சொல்லும் ஏ.ஆர்.பி. எனும் அப்ரைசல் ரிவியூ போர்டு. இதன் உறுப்பினர்கள் டிஸ்ட்ரிக்டின் ஊழியர்கள் அல்ல. உங்கள் வீட்டைப் பற்றி விசாரணைக்கு வெளியே அவர்கள் யாரோடும் பேசக்கூடாது. அதனால் முன்கூட்டி போன் போட்டுப் பேச முயலாதீர்கள்.

"வரி கட்டவே முடியவில்லை", "விகிதம் அநியாயம்" என்று அங்கே பேசி நிமிடங்களை வீணாக்க வேண்டாம். விகிதத்தைத் தொடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. மதிப்பை நிரூபிக்கும் பொறுப்பு பொதுவாக டிஸ்ட்ரிக்டுடையது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஷீட்டை நீட்டுங்கள்.

விகிதத்தைப் பற்றிய கோபத்தை ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும் கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். அஜெண்டாவில் உள்ள விஷயத்தில் மக்களைப் பேசவிட வேண்டும் என்பது 2019 முதல் சட்டம்.

பிற்சேர்க்கை

ஹெச்-1பி விசாவில் இருப்பவர் புரொடெஸ்ட் போடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும். இதற்கு வீட்டுச் சொந்தக்காரராக இருந்தால் போதும்.

இன்னொருவர் மதிப்பைக் குறைத்தும் பில் குறையவில்லை என்று எழுதியிருந்தார். ஹோம்ஸ்டெட் இருந்தால் வரிக்குரிய மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. சந்தை மதிப்பு 4,80,000, உச்சவரம்பால் வரிக்குரியது 4,20,000 என்றால், 4,51,200-க்கு இறக்கினாலும் இந்த வருஷ பில் அப்படியேதான் வரும். நோட்டீஸில் இரண்டு எண்களும் இருக்கும், படிவத்தைத் திறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஏ.ஆர்.பி. முடிவும் பிடிக்காமல் மாவட்ட நீதிமன்றம் போவதானால் 60 நாள் அவகாசம். வழக்கு நடக்கிறது என்று வரியைக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். தகராறில்லாத தொகையையாவது ஜனவரி 31-க்குள் கட்டியிருக்க வேண்டும்.