ஐப்பசி மழைக்கு முன்னால் ஊர்க் கொசுவை ஒடுக்குவது எப்படி?

டெல்டாவில் முக்கியமாக மூன்று கொசு, மூன்று விதத் தண்ணீர். டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ், வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில் வளர்ந்து பகலில் கடிக்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலக்ஸ், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளர்ந்து இரவில் கடிக்கும். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலக்ஸ் வகை நெல் வயலில் வளரும். ஒன்றுக்குச் செய்யும் வேலை மற்றதற்கு உதவாது.

முதலில் ஏடிஸ். நம் வெயிலுக்கு முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரத்தில் ஒரு நாளைத் தெருவே சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். இது சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றுகிற கொசு. ஆளுக்கொரு நாள் செய்தால் பக்கத்து வீட்டுத் தொட்டியில் வளர்ந்தது இங்கே வந்துவிடும்.

ஒரு காலையில் இரண்டு பேர் 40, 50 வீடு பார்க்கலாம். டார்ச், வெள்ளைக் கிண்ணம், தேங்காய் நார், ஒரு நோட்டு போதும். தொட்டிக்குள் சட்டென்று டார்ச் அடித்தால் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கும். அசையாமல் நின்றால் மூச்சுவிட மேலே வரும். அப்போது கிண்ணத்தில் மொள்ளுங்கள். கால்புள்ளி போல வளைந்து உருண்டிருப்பது கூட்டுப்புழு. அது இரை எடுக்காது, அதனால் புழுவைக் கொல்லும் மருந்து அதற்கு ஏறாது. இரண்டு நாளில் கொசுவாகிவிடும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள்.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே நிரப்பிவிடுகிறார்கள். ஏடிஸ் முட்டை தண்ணீரில் மிதக்காது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் உட்சுவரில் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரால் விளிம்பு முதல் அடி வரை அழுத்தித் தேய்த்துக் கழுவிக் காயவிட்ட பிறகே நிரப்ப வேண்டும். டிரம்முக்கு வேட்டித்துணியை இழுத்துக் கட்டினால் நல்லது. துணி தொய்ந்து நடுவில் தண்ணீர் நின்றால் அதுவே இன்னொரு தொட்டியாகிவிடும்.

கண்ணில் படாத இடங்கள்தான் ஆபத்து: ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், பழைய டயர், மாடியில் மூடி உடைந்த தொட்டி. தென்னந்தோப்பில் எலி துளைத்து விழுந்த தேங்காயையும் இளநீர்க் கூட்டையும் இரண்டாக வெட்டிக் கவிழ்த்துவிடுங்கள். கஜா புயலுக்குப் பிறகு கூரைமேல் தார்ப்பாய் போட்ட வீடுகள் நிறைய. மழை நின்றதும் அதன் மடிப்பில் நிற்கும் தண்ணீரை வழித்துவிட வேண்டும்.

காலி செய்ய முடியாத தொட்டிக்கு அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து உண்டு. சுகாதார ஆய்வாளர் சொல்லும் அளவில்தான் ஊற்ற வேண்டும். குடிநீரில் மருந்துச் சத்து லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. புழங்காத கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விடலாம். குளத்திலும் ஆற்றிலும் விடாதீர்கள், நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

நோட்டில் வாராவாரம் ஒரு கணக்கு எழுதுங்கள்: 100 வீட்டுக்குப் புழு இருந்த பாத்திரம் எத்தனை. சுகாதாரத் துறையில் இதைப் பிரெட்டோ குறியீடு என்பார்கள். எண் இறங்காத தெருவில் யாரோ எதையோ பார்க்காமல் விடுகிறார்கள் என்று அர்த்தம்.

செப்டிக் டேங்குக்கு வருவோம். பொழுது சாயும் நேரத்தில் வென்ட் பைப் முனையைக் கவனித்தால் கொசு கூட்டங்கூட்டமாக வெளியேறுவது தெரியும். ஒரு சாண் சதுரத்துக்கு நைலான் கொசுவலை வெட்டி, முனையில் மூடி, கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிட வேலை, யானைக்கால் நோய் பார்த்த ஊருக்கு இதைவிட மலிவான காவல் இல்லை. வெயிலில் வலை இற்றுப்போகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூடிப் பலகையின் இடுக்கைச் சிமென்ட் பூசி அடைக்காவிட்டால் கொசு அந்த வழியே வந்துவிடும். அரசு வீடு தேடி வந்து யானைக்கால் மாத்திரை கொடுக்கும் ஊர்களில் அதை வாங்கி வைக்காமல், கொடுப்பவர் முன்னாலேயே விழுங்கிவிடுங்கள்.

வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவது. 5 சென்டிமீட்டர் நிறுத்தி, அது வற்றி மயிரிழை வெடிப்பு காணும்போது திரும்பப் பாய்ச்ச வேண்டும். ஒரே மடையில் பாயும் வயல்கள் சேர்ந்து செய்தால்தான் புழு சாகும். குறுவையில் இது நடக்கும், சம்பாவில் மழை விடாது. பன்றிப் பட்டி குடியிருப்பை விட்டுத் தள்ளி இருக்கட்டும். மூளைக்காய்ச்சல் கிருமி பன்றியின் உடலில் நன்றாகப் பெருகும்.

புகை மருந்து அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும், புழுவைத் தொடாது. காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றி அடிக்கும்போது கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாலையோரம் தூவும் பிளீச்சிங் பவுடரால் கொசு குறையாது.

டெங்கு வந்தவரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள், குறிப்பாக முதல் ஐந்து நாள். அவரைக் கடித்த கொசுதான் தெருவுக்குப் பரப்பும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபென் கூடாது. மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் விட்டதும் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல் என்று எது கண்டாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.