குன்னூர் ஈரத்தில் ஸ்ட்ராபெரி: பழத்தில் தெரியும் அழுகல் பூவில் தொடங்குகிறது

போன மார்ச்சில்தான் எங்கள் வீட்டுத் தொட்டிகளிலிருந்து முதல்முறையாக ஒரு கிண்ணம் நிறைய ஸ்ட்ராபெரி பறித்தேன். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் தின்றதைவிடக் குப்பைக்குழியில் போட்டதே அதிகம். குன்னூர் குளிருக்குச் செடி தானாகவே வளரும். பழம் சிவக்கிற நேரத்தில் அதன்மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு போலப் பூசணம் படருமே, அதிலிருந்து காப்பாற்றுவதுதான் பாடு. அதனால் மற்ற படிகளை வேகமாகச் சொல்லிவிட்டு அங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

1. கன்று

கடையில் வாங்கிய பழத்தின் மேலிருக்கும் விதையைச் சுரண்டி முளைக்கவைக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. வேண்டாம். நாம் சாப்பிடும் ஸ்ட்ராபெரியே ஒரு கலப்பினம். 1714இல் ஃபிரெசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர், சிலி நாட்டுக் கடற்கரையை உளவு பார்க்கப் போனவர், திரும்பும்போது பெரிய பழம் காய்க்கும் செடிகளைக் கொண்டுவந்தார். அவை பெண்செடிகள், பிரான்சில் காய்க்கவில்லை. பக்கத்தில் வட அமெரிக்க வகை நின்ற இடங்களில் மட்டும் காய்த்தன. அப்படிக் கலந்து பிறந்ததுதான் இன்றைய பழம். விதை போட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது. ஓடுதண்டிலிருந்து (தாய்ச்செடியிலிருந்து தரையோடு நீண்டு ஓடி வேர்விடும் தண்டு) எடுத்த கன்றோ திசு வளர்ப்புக் கன்றோ வாங்குங்கள்.

நர்சரிகளில் வின்டர் டான், ஸ்வீட் சார்லி, கமரோசா என்ற பெயர்கள் அடிபடும். என் ஓட்டு வின்டர் டானுக்கு. பகல் குறுகியிருந்தால் பூக்கும் வகைகள் இவை. நீலகிரியில் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது, வெயிலும் மிதம்தான். அதனால் மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் பூக்கும்.

2. தொட்டியும் மண்ணும்

எனக்கு மண்தொட்டிதான் பிடிக்கும். கனம், உடையும், எல்லாம் சரி. ஆனால் சுவர் வழியாக ஈரம் வெளியேறும். குரோ பேக் என்ற செடி வளர்க்கும் பையில் அடிமண் நாள்கணக்கில் சொதசொதவென்று இருந்தது.

முதல் வருடம் வீடியோ பார்த்துத் தேங்காய் நார்க்கழிவைப் பாதிக்குப் பாதி கலந்தேன். அது வெயில் ஊர்க்காரர்களுக்கான கலவை. இங்கே வேர் அழுகிவிட்டது. இப்போது தோட்டத்து மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு கை. மண்ணின் அமிலகார நிலை (pH) 5.5க்கும் 6.5க்கும் நடுவில் இருந்தால் போதும்.

3. நடுதல்

இலைகள் கிளம்பும் அந்தக் கட்டையான நடுப்பகுதி, குருத்து, மண்ணில் புதையக் கூடாது. புதைந்தால் அழுகும். மேலே தூக்கிக்கொண்டு நின்றால் வேர் காயும். மண்மட்டத்துக்குச் சரியாக வைத்து, தண்ணீர் ஊற்றி, மண் படிந்தபின் மறுபடி பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும், மெதுவாகத் தூக்கிவிடுங்கள். செடிக்குச் செடி ஒரு அடி.

எப்போது நடுவது? குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரில் நட்டு நவம்பரில் பிணம் எண்ணியவள் நான். இப்போது மழை ஓய்ந்து, டிசம்பர் பிறந்த பிறகுதான் நடுகிறேன். முதலில் வரும் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காது, ஆனால் செடி வேர்பிடிக்க வேண்டும்.

4. பூசணம்

இங்கேதான் இரண்டு வருடம் ஏமாந்தேன். பழத்தில் சாம்பல் படரும்போதுதான் நோய் வந்ததாக நினைத்து அப்போது மருந்து தேடினேன். உண்மையில் பொட்ரைட்டிஸ் என்ற இந்தப் பூசணம் பூ விரிந்திருக்கும்போதே உள்ளே போய்விடுகிறது. காய் பச்சையாக இருக்கும்வரை சத்தமில்லாமல் கிடந்து, பழத்தில் சர்க்கரை ஏறும்போது கிளம்பும். 15 முதல் 25 டிகிரி சூடும், இலையில் பல மணி நேரம் காயாத ஈரமும் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். குன்னூரில் இந்த இரண்டுக்கும் பஞ்சமே இல்லை.

எனவே வேலையெல்லாம் பூக்கும் நாள்களில்தான்.

பூவாளியைத் தூக்கி எறியுங்கள். தலையிலிருந்து குளிப்பாட்டுவது பார்க்க அழகு, பூவுக்கு எமன். ஒரு சொம்பில் எடுத்து அடியில் ஊற்றினால் போதும். அதுவும் காலையில் மட்டும்.

மேலே மழைக்கூரை வேண்டும். நான் செய்த பெரிய முட்டாள்தனத்தையும் கேளுங்கள். இரண்டாம் வருடம் நான்கு பக்கமும் பாலித்தீன் இழுத்துக் கட்டிக் கூடாரமே போட்டேன். மழை உள்ளே வரவில்லை. ஆனால் உள்ளே இருந்த ஈரமும் வெளியே போகவில்லை. விடிகாலையில் கூரையின் அடிப்பக்கம் முழுக்கத் துளிகள் கோத்து நின்று, ஒவ்வொன்றாகப் பூமேல் சொட்டிக்கொண்டிருந்தன. மழையில் நின்ற ஒற்றைத் தொட்டியைவிடக் கூடாரத்துக்குள் இருந்தவைதான் அதிகம் அழுகின. இப்போது ஐந்தடி உயரத்தில், ஒரு பக்கம் சரிந்த கூரை மட்டும்தான். பக்கங்கள் திறந்தே கிடக்கின்றன. காற்று போகும், தேனீயும் வரும். மகரந்தம் சரியாகச் சேராவிட்டால் பழம் கோணல்மாணலாக வரும் என்பதையும் அந்தக் கூடாரம்தான் கற்றுக்கொடுத்தது.

வாரம் ஒருமுறை ஒரு சின்னக் கத்தரிக்கோலோடு உட்காருங்கள். மஞ்சளான இலை, காய்ந்த இதழ், சந்தேகமான பழம் எல்லாவற்றையும் வெட்டி மூடிபோட்ட டப்பாவில் போடுங்கள். செடிக்கடியில் உதிர்த்துவிட்டுப் போகாதீர்கள். பூசணம் அதிலேயே குடியிருக்கும். அழுகிய பழத்தைத் தொட்ட கையால் நல்ல பூவைத் தொடாதீர்கள்.

காய் மண்ணைத் தொடாமலிருக்க வைக்கோல் பரப்புகிறேன். இங்கே வைக்கோல் கிடைக்காது, மேட்டுப்பாளையத்திலிருந்து யாராவது வந்தால் ஒரு சாக்கு கொண்டுவரச் சொல்வேன். நனைந்து கறுத்தால் மாற்றிவிட வேண்டும்.

சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியைக் கரைத்துத் தெளிக்கலாமா? நானும் தெளிக்கிறேன், லிட்டருக்கு 5 கிராம், பூக்கத் தொடங்கியதும். ஆனால் வந்த நோயை அது போக்காது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் எதைத் தெளித்தும் பயனில்லை.

5. பறித்தல்

ஸ்ட்ராபெரி பறித்தபின் இனிக்காது. காம்புப் பக்கம்வரை சிவந்தபின், பனி காய்ந்ததும், காம்போடு கிள்ளுங்கள். சாப்பிடும்வரை கழுவாதீர்கள்.

பின்னர் சேர்த்தது: கோத்தகிரியிலிருந்து ஒருவர், சொன்னபடி கூரை போட்டும் அழுகுகிறது என்று எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். ஒரே தொட்டியில் நான்கு செடி! இலைக்கூட்டத்துக்குள் காற்றே நுழையாது. இரண்டைப் பிடுங்கி வேறு தொட்டிக்கு மாற்றச் சொன்னேன், குறைந்திருக்கிறதாம்.

இன்னொருவருக்குச் செடி ஓடுதண்டாகவே விடுகிறது, பூவைக் காணோம். கடலைப் பிண்ணாக்குக் கரைசலை வாராவாரம் ஊற்றியிருக்கிறார். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும், அந்த மென்மையான இலை பூசணத்துக்கும் பிடித்தமானது. கரைசலை நிறுத்துங்கள், பூக்கும்வரை ஓடுதண்டுகளை வெட்டுங்கள்.

குரங்குக்கு என்ன செய்கிறீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வலை கட்டிப் பார்த்தேன், அவிழ்க்கக் கற்றுக்கொண்டன. இப்போது முக்கால்வாசி சிவந்ததுமே பறித்துவிடுகிறேன். கொஞ்சம் புளிக்கும், ஜாமுக்குப் போகும்.