பழைய வானொலிப் பெட்டிகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர்க் காடுகள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்டன. தோட்டத்து லயங்களில் இருந்தவர்களும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். வீடு மாறியபோது கட்டிலையும் அலமாரியையும் விட்டுவிட்டு, வால்வு என்ற கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வானொலிப் பெட்டியையும் கேசட் பிளேயரையும் கையோடு கொண்டு வந்தவர்கள் பலர். அவர்களில் சிலர், அக்கம்பக்கத்தார் வேண்டாமென்று ஒதுக்கியவற்றையும் வாங்கிச் சேர்த்து, வீட்டின் பின்கட்டையே கிடங்காக்கிக்கொண்ட ஓய்வுபெற்ற கிராணிமார்களும் (தோட்டத்து எழுத்தர்கள்) வயர்மேன்களும் ஆவர். இவையெல்லாம் என்ன விலைக்குப் போகும், தமக்குப் பிறகு யாரிடம் போய்ச் சேரும் என்ற இரண்டு கேள்விகளும் இப்போது அவர்கள் முன் நிற்கின்றன. இத்தகைய பொருளைத் தேடி வருபவர்கள் மிகச் சிலரே. பெட்டியைப் பற்றிய செய்தி எந்த அளவுக்குக் கெடாமல் இருக்கிறதோ அந்த அளவுக்கே அவர்கள் பணம் கொடுக்கிறார்கள். செய்தியை அழிக்கும் செயல் எதுவோ அதுவே விலையையும் அழிக்கிறது.

முதலில் விலையைப் பற்றிய மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். முடா, கரோசல் ஆகிய இணையச் சந்தைகளில் காணப்படுவது விற்பவர் கேட்கும் விலையே தவிர, வாங்கியவர் கொடுத்த விலை அல்ல. ஒரு ஜெர்மானிய கிரண்டிக் பெட்டிக்கு மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்று ஒருவர் போட்டு, அது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது என்றால், அந்த விலைக்கு ஆளில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. இபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு. அதைப் பார்த்த பிறகும் அனுப்பும் செலவைக் கழித்தே கணக்கிட வேண்டும், ஏனெனில் பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஜெர்மானிய மேசை வானொலியைக் கடல் தாண்டி அனுப்பும் கூலி பல சமயம் பெட்டியின் விலையையே விழுங்கிவிடும்.

பழையது என்பதாலேயே ஒரு பொருள் அரியதாகிவிடாது. 1950களிலும் 1960களிலும் பிலிப்ஸ், கிரண்டிக், டெலிபுங்கன் நிறுவனங்கள் இப்பெட்டிகளை லட்சக்கணக்கில் செய்தன. இளமையில் அவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஐரோப்பாவில் மறைய மறைய, அவர்கள் சேர்த்தவை ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து, பொதுவான மாடல்களின் விலை அங்கே இறங்கிவிட்டது. இங்கும் அதே நிலை வந்துகொண்டிருக்கிறது என்பதே என் கணிப்பு. மாறாக, 1979இல் வந்த சோனியின் முதல் வாக்மன் போன்ற சிறு பொருள்களுக்கு இளையவர்களிடையே கிராக்கி இருக்கிறது. சில பெட்டிகளில் கூட்டை விட உள்ளிருக்கும் வால்வுகளே அதிகம் பெறும். கித்தார் வாசிப்போரும் ஹைஃபை பிரியர்களும் முல்லார்ட் இஎல்34, டெலிபுங்கன் இசிசி83 ஆகிய வால்வுகளைத் தேடி வாங்குகிறார்கள். அச்சிட்ட பெயரை மட்டும் நம்புவது ஆபத்து, ஏனெனில் மலிவான வால்வில் நல்ல பெயரை மறுபடி அச்சடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் செய்த உண்மையான டெலிபுங்கன் இசிசி83இன் அடிப்பக்கக் கண்ணாடியில், ஊசிகளுக்கு நடுவே, சிறு வைர வடிவம் அழுந்தியிருக்கும்; அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பணத்தை இழக்கச் செய்யும் தவறுகளிலெல்லாம் பெரியது, பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த பெட்டியை, பாடுகிறதா என்று பார்ப்பதற்காக நேரே பிளக்கில் செருகுவதாகும். ஒலிபெருக்கியை இயக்கும் கடைசி வால்வுக்கு முன்னால் மெழுகு தோய்த்த காகிதக் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) ஒன்று இருக்கும். முந்தைய வால்விலிருந்து வரும் உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து, ஒலிக்குரிய அலையை மட்டும் விடுவது அதன் வேலை. நம் ஊர் ஈரக்காற்றைப் பல ஆண்டுகள் குடித்த காகிதம் அந்தத் தடுப்பைச் செய்யாமல் மின்சாரத்தைக் கசியவிடும். கசிந்தது கடைசி வால்வின் கட்டுப்பாட்டு வலையை அடைந்ததும், வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். அதன் உள்தகடு சிவக்கக் காயும். ஒலிபெருக்கியோடு இணைந்த டிரான்ஸ்பார்மரின் மெல்லிய சுருள் கருகி அறுந்துபோகும். இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போதே பெட்டி சில நிமிடம் நன்றாகப் பாடும் என்பதுதான் இதில் உள்ள ஏமாற்று. சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு கெப்பாசிட்டரை மாற்றாததால், அதே அளவில் இனிக் கிடைக்காத ஒரு டிரான்ஸ்பார்மர் போய்விடுகிறது. விவரம் தெரிந்த வயர்மேன்கள் அந்தக் கெப்பாசிட்டரையும், மின்வழங்கும் பகுதியில் உலர்ந்துபோன பெரிய கெப்பாசிட்டர்களையும் முதலில் சோதித்து மாற்றுவார்கள். பிறகு, பழைய இழைக் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுப்பார்கள். பெட்டிக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், பெட்டிக்கு எதுவும் ஆகாது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் உள்ளே கை வைக்கவே கூடாது.

மின்னழுத்தத்தையும் பார்க்காமல் விடக்கூடாது. ஜப்பானிலிருந்து வந்த சாதனம் 100 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். ஐரோப்பியப் பெட்டியின் பின்புறத்து மின்னழுத்தத் தேர்வி 110இலோ 127இலோ நிற்கலாம். நம் வீட்டுக்கு வருவதோ 230 முதல் 240 வோல்ட். வால்வுகளின் பெயரைப் படித்தாலே பெட்டியின் குணம் பாதி தெரிந்துவிடும். ஐரோப்பிய வால்வுகளில் பெயரின் முதல் எழுத்து ‘ஈ’ (E) என்றிருந்தால் அதன் இழை 6.3 வோல்ட்டில் எரிவது. அத்தகைய பெட்டியில் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தை நேரே உள்ளே விடாமல் பிரிக்கும் டிரான்ஸ்பார்மர் இருக்கும். ‘யு’ (U) என்று தொடங்கும் வால்வுகளே வரிசையாக இருந்தால், பல பெட்டிகளில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமே வீட்டு மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலும் அடி விழும். ‘டி’ (D) என்று தொடங்குபவை பேட்டரிப் பெட்டிக்கு உரியவை. லயங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில் தோட்டங்களில் ஓடியவை இவை. டிகே96, டிஎல்96 போன்ற வால்வுகளின் இழை மயிரை விட மெல்லியது. ஒன்றரை வோல்ட்டைத் தாங்கும் அந்த இழைக்கு, உயர் அழுத்தத்துக்குரிய 90 வோல்ட் பேட்டரியின் கம்பியைத் தவறி மாட்டினால், பெட்டியில் உள்ள எல்லா வால்வுகளும் ஒரே கணத்தில் போய்விடும்.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். நிலையங்களின் பெயரும் 25, 31, 41 என்ற சிற்றலை மீட்டர் எண்களும் அச்சிட்ட டயல் கண்ணாடியைத் தீபாவளிக்குச் சன்னல் துடைப்பதுபோல் சோப்புநீரால் துடைத்தால், பின்பக்கத்து எழுத்துகள் துணியோடு வந்துவிடும். டயல் எழுத்தில்லாத பெட்டியை எந்தச் சேகரிப்பாளரும் நல்ல விலைக்கு வாங்கமாட்டார். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். மரக்கூட்டுக்குப் புதிய வார்னிஷ் அடிப்பதும், உள்ளுறுப்புகளைப் பிடுங்கிவிட்டு புளூடூத் ஒலிபெருக்கி வைப்பதும் அதே வகைதான். இரண்டாவதைச் செய்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. பழுதுபார்க்கும்போது கழற்றிய பழைய கெப்பாசிட்டர்களை ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது நல்ல பழக்கம்.

சேமிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துத்தநாகக் கூரைக்கு அடியிலும் சிமெண்டுத் தரையிலும் வைக்கக்கூடாது. பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். கறையானுக்காக மாதம் ஒருமுறை பின்பலகையைத் திறந்து பார்க்க வேண்டும்.

அப்படித் திறக்கும்போது கிடைப்பதைக் குப்பையென்று கூட்டித் தள்ளுவது அடுத்த தவறு. பல்லி முட்டை ஓட்டுக்கும் சிலந்தி வலைக்கும் இடையில், பலகையின் உட்புறம் ஒட்டிய சுற்றுப்படம் ஒன்று மஞ்சளித்துக் கிடக்கும். எந்த வால்வை எந்த ஆண்டில் மாற்றியது என்று கடைக்காரர் பென்சிலால் எழுதிய குறிப்பு இருக்கும். சில பெட்டிகளில் நான்காக மடித்த வானொலி உரிமச் சீட்டு இருக்கும். பெட்டி யார் வீட்டில் இருந்தது, எந்தத் தோட்டத்தில் ஓடியது என்பதற்கு இவையே சான்று. 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில், மக்களை இடம்பெயர்த்துக் குடியமர்த்திய புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் மக்கள் கூடிக் கேட்பதற்கென வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அப்படியொரு பெட்டி உங்களிடம் இருந்து, அது எந்தத் தோட்டத்து மண்டபத்தில் இருந்தது என்று சொல்லும் தாளும் இருந்தால், அது அருங்காட்சியகம் கேட்கக்கூடிய பொருள். தாள் போய்விட்டால் அதுவும் இன்னொரு பழைய பெட்டிதான். பெட்டிக்கு ஒரு பக்கமாக நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைப்பதும், எழுதச் சிரமப்படும் பெரியவர்களைப் பேரப்பிள்ளைகளின் கைப்பேசியில் பேசிப் பதியச் சொல்வதும் கைச்செலவில்லாத வேலைகள்.

கேசட்டுகளில் பலர் தலைகீழாகவே நடந்துகொள்கிறார்கள். திரைப்பாடல் கேசட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிப் பாதுகாத்துவிட்டு, எழுத்தில்லாத கேசட்டுகளைத் தூக்கி எறிகிறார்கள். அந்தப் பாடல்களோ வேறு பல வடிவங்களில் கிடைக்கின்றன. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் உடுக்கையடித்துப் பாடியவரின் குரலும், மூடப்பட்ட தமிழ்ப்பள்ளியின் ஆண்டு விழாப் பேச்சும் அந்த ஒரே கேசட்டில்தான் இருக்கும். ஆகவே பெயரில்லாத கேசட்டையே முதலில் கணினியில் ஏற்ற வேண்டும். அதற்கு முன் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு தாழ்ப்பாள் துண்டுகளை உடைத்துவிட்டால், தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் மேலெழுதாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் நல்ல பிளேயரில் போடக்கூடாது, ஏனெனில் பூஞ்சை, நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நாடாவைத் தலையோடு அணைக்கும் சிறு பஞ்சுத் துண்டு உதிர்ந்திருப்பதால் ஒலி மங்கலாகக் கேட்டால், கேசட் கெட்டுவிட்டதென்று முடிவு செய்துவிட வேண்டாம். திருகாணி உள்ள வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றினால் குரல் திரும்பிவிடும்.

விற்கும்போது, முதலில் வருபவரைப் பொறுக்கி எடுத்துக்கொள்ள விடுவது வழக்கமான இழப்பு. அவர் மூன்று நல்ல பெட்டிகளையும் வால்வுப் பெட்டியையும் எடுத்துச் செல்வார். மிஞ்சியதை யாரும் எடுக்கமாட்டார்கள். பட்டியலும் படமும் எடுத்துக்கொண்டு, ஈப்போ மெமரி லேன் சந்தை, பினாங்கு லோரோங் கூலிட், பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தை ஆகியவற்றில் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்த பிறகே விலை பேச வேண்டும். பெட்டியைத் தூர ஊருக்கு அனுப்புவதானால் வால்வுகளைக் கழற்றி, எது எந்தக் குழிக்குரியது என்று எண்ணிட்டுத் தனியே பொதிய வேண்டும்.

அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருப்பதும் சரியல்ல. கோலாலம்பூரில் 1928இல் கட்டிய கட்டடத்தில் அமைந்த தெலிகோம் அருங்காட்சியகத்துக்குத் தொலைத்தொடர்பே பொருள். அவர்களிடம் ஏற்கனவே இருப்பதை இன்னொருவர் கொடுத்தால் எந்த நிறுவனமும் தயங்கத்தான் செய்யும். உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கேட்டு, ஒப்புதல் கிடைத்தால் தாளோடு ஒப்படைப்பதே முறை.

பிள்ளைகளின் நிலையையும் உள்ளபடி பார்க்க வேண்டும். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ அடுக்குமாடியில் இருக்கும் மகளுக்கு நாற்பது பெட்டிகளை வைக்க இடமில்லை. அவளிடம் கேட்காமலே அவளுக்கென்று ஒதுக்குவது சுமையை மாற்றுவதாகும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1959ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, எழுதியவர் இரண்டு சாட்சிகள் ஒருங்கே இருக்கும்போது கையெழுத்திட வேண்டும்; பொருளைப் பெறப்போகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருந்தால் அவருக்குரிய பங்கு செல்லாது. நண்பருக்கு எழுதிவிட்டு அவரையே சாட்சியாகக் கூப்பிடுவது தோட்டத்துப் பழக்கத்தில் இயல்பாக நடக்கக்கூடியது. உயில் இல்லாவிட்டால் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி, பெற்றோர் இல்லாத நிலையில், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரு பங்கும் சேரும்; ஆளுக்கொரு பங்கு என்று வந்தபின் தொகுப்பு தொகுப்பாக நிற்பது அரிது. உயிலில் ‘என் ரேடியோக்கள்’ என்று மட்டும் எழுதாமல், நோட்டுப்புத்தகத்தின் எண்ணோடு ஒவ்வொன்றையும் குறிக்க வேண்டும்.

எல்லாம் போக மிஞ்சும் உடைசலைப் பழைய பேப்பர் லோரியில் ஏற்றிவிடுவதே ஊர் வழக்கம். செம்புக்காக வயர்களைக் கொளுத்தினால் அந்த நெகிழிப் புகையில் நஞ்சு இருக்கிறது. பழைய தொலைக்காட்சியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மலேசியாவில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ110 என்ற குறியீட்டில் 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்கீழ் வருகிறது. ஆகவே இவற்றைச் சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த சேகரிப்பு இடத்தில் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் குமிழ்களையும் டயல் கண்ணாடியையும் நல்ல வால்வுகளையும் கழற்றி வைத்துக்கொள்ளலாம், அதே மாடலைப் பழுதுபார்ப்பவர் ஒருவர் அவற்றைத் தேடிக்கொண்டிருப்பார்.